கிராண்ட் கேன்யன் கல்லுல ஃபாசில் பாக்கறது எப்படி: முதல் தடவை போறவங்களுக்கு

முதல் தடவை அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல இருக்கற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போனப்ப நான் அங்க மொத்தமா இருந்ததே ரெண்டரை மணி நேரம்தான். பார்க்கிங் தேடி முக்கா மணி, பாத்ரூம் வரிசையில கால் மணி, மிச்ச நேரம் பூரா கம்பியைப் புடிச்சுக்கிட்டு "யப்பா எவ்ளோ ஆழம்"னு வாயைப் பொளந்து நின்னது, நாலு போட்டோ, கிளம்பியாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, என் ஷூவுக்கு ஒரு ஜாண் தள்ளி இருந்த கல்லுல சிப்பி மாதிரி ஒண்ணு, நல்லா கோடு கோடா, விசிறி வடிவத்துல. 27 கோடி வருஷப் பழைய ஃபாசில், அதாவது கல்லுல தங்கிப் போன பழைய உயிரோட அடையாளம். அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் எதிர்ப்பக்கச் சுவரையே பாத்துட்டு வந்திருக்கேன்.

அதுக்கப்புறம் மூணு தடவை போயாச்சு. புதுசா போறவங்க அந்த முதல் தடவையை வீணாக்காம இருக்கத்தான் இதை எழுதறேன். சவுத் ரிம்மை, அதாவது தெற்கு விளிம்பை வச்சுதான் சொல்றேன், ஏன்னா வருஷம் பூரா திறந்திருக்கறது அதுதான். நார்த் ரிம் பனிக்காலத்துல மூடிடுவாங்க, அது போக 2025 ஜூலையில வந்த காட்டுத்தீயில அங்க இருந்த பழைய லாட்ஜும் எரிஞ்சு போச்சு, அதனால அந்தப் பக்கம் போற எண்ணம் இருந்தா நிலவரம் விசாரிச்சுட்டு போங்க.

1. முதல்ல டைனோசரை மறந்துடுங்க

கேன்யன்ல ஃபாசில்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்கற முதல் கேள்வி இதுதான். பள்ளத்தாக்குச் சுவர்ல டைனோசர் எலும்பு கிடையாது. யாரும் எடுத்துட்டுப் போகல, அந்தக் கல்லு உருவானப்ப டைனோசரே பொறக்கல, அவ்ளோதான் விஷயம். விளிம்புல நீங்க நிக்கற மேல் அடுக்கே சுமார் 27 கோடி வருஷம் பழசு, டைனோசர் வந்தது சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்னாடி. டைனோசர் காலத்துப் பாறை ஒரு காலத்துல இந்த அடுக்குக்கு மேலயும் இருந்துச்சு, ஆனா அதெல்லாம் மழையிலயும் காத்துலயும் அரிச்சுப் போச்சு. வடக்க யூட்டா மாநிலத்துப் பக்கம் போனா இன்னும் மிச்சம் இருக்கு.

இதைக் கேட்டு சோர்ந்துடாதீங்க. இங்க இருக்கறது அதை விட விசித்திரம்: ஒரே இடம் கடலா இருந்திருக்கு, சேறா இருந்திருக்கு, பாலைவனமா இருந்திருக்கு, திரும்பக் கடலா ஆயிருக்கு. ஒவ்வொரு தடவையும் அங்க இருந்த உயிர்கள் ஏதாவது ஒரு அடையாளத்தை விட்டுட்டுப் போயிருக்கு. அதனால ஃபாசிலைத் தேடறதுக்கு முன்னாடி "இந்தக் கல்லு எந்த இடமா இருந்துச்சு"ன்னு கேக்கப் பழகணும். கடல்னா சிப்பி, மணல்மேடுன்னா கால்தடம், சேறுன்னா இலை. இது ஒண்ணு மண்டையில ஏறிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

2. அடுக்கு வரிசையை மனப்பாடம் பண்ணிக்குங்க

மேலருந்து கீழ: கைபாப், டோரோவீப், கோகோனினோ, ஹெர்மிட், சுப்பாய், ரெட்வால், முவாவ், பிரைட் ஏஞ்சல், டாபீட்ஸ். நடுவுல இன்னும் சின்னச் சின்னதா சிலது இருக்கு, புதுசா போறவங்களுக்கு இது போதும். இங்கிலீஷ்ல இதுக்கு ஒரு வாக்கியம் வச்சிருக்காங்க, எனக்கு அது நிக்கல. நானும் என் பொண்ணும் கார்ல போறப்பவே ஒண்ணு உருவாக்கினோம்: "கை தட்டிக் கொண்டே ஹேமா சுத்தி ரெண்டு முறை பின்னால் தாவினாள்." ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் ஒரு அடுக்கு. "தட்டி"க்கு டோரோவீப் கொஞ்சம் இழுவைதான், "கொண்டே"வையும் தனி வார்த்தையா எண்ணிக்கணும், பரவால்ல, வேலை செய்யுது. ஹேமா யாருன்னு கேக்காதீங்க.

டாபீட்ஸுக்குக் கீழ ஒரு பெரிய ஓட்டை. பல இடத்துல டாபீட்ஸ் மணற்கல்லு நேரா 170 கோடி வருஷத்துக்கும் மேல பழசான கறுப்புப் பாறை மேல உக்காந்திருக்கும், நடுவுல 100 கோடி வருஷத்துக்கும் மேல கணக்குல வராது. புஸ்தகத்துல நடுப் பக்கங்களை கொத்தா கிழிச்ச மாதிரி. கிழியாத சில பக்கங்கள் கேன்யனோட கிழக்குப் பக்கம் ஒதுங்கி இருக்கு, அதுக்குக் கடைசியில வரேன்.

3. பைக்குள்ள என்ன வைக்கறது, என்ன வைக்கக்கூடாது

பத்து மடங்கு பெருசாக் காட்டற சின்ன மடக்கு லென்ஸ் ஒண்ணு, போட்டோல அளவு காட்ட ஒரு நாணயம், தொப்பி, தண்ணி, உப்புப் போட்ட நொறுக்குத் தீனி. தலைவிளக்கு இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சுத்தியல், உளி எதுவும் வேண்டாம். இது நேஷனல் பார்க், ஒரு சின்ன சிப்பித் துண்டைக் கூட எடுத்துப் பையில போடக்கூடாது, 2009-ல ஃபாசில்களைக் காப்பாத்தறதுக்குன்னே அமெரிக்க மத்திய அரசு தனிச் சட்டம் போட்டிருக்கு, அபராதம் ஜெயில் ரெண்டுக்கும் வழி இருக்கு. "கீழ விழுந்து கிடந்தது"ன்னு சொன்னாலும் செல்லாது. இன்னொண்ணு, தடம் நல்லாத் தெரியணும்னு சாக்பீஸால கோடு போடறது, மேல பேப்பர் வச்சு பென்சில் தேய்க்கறது, மாவு ஊத்தி அச்சு எடுக்கறது, இதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம், இப்ப யாரும் செய்யக்கூடாது. கேன்யனைச் சுத்தி இருக்கற நவாஹோ, ஹவாசுப்பாய், ஹுவாலபாய் பழங்குடி மக்களோட நிலத்துல அவங்க விதிகள் தனி, அங்க போக அவங்ககிட்ட அனுமதி வாங்கணும்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும், ஆனா வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கான விதி சமீபத்துல மாறியிருக்கு, போறதுக்கு முந்தின நாள் பார்க்கோட தளத்துல ஒரு தடவை பாத்துக்குங்க.

4. முதல் ரெண்டு மணி நேரம்: யாவபாய்ல ஆரம்பிங்க

நேரா விளிம்புக்கு ஓடாம யாவபாய் ஜியாலஜி மியூசியத்துக்குப் போங்க. 1928-ல கட்டின சின்னக் கல் கட்டிடம், பெரிய பெரிய ஜன்னல், அது வழியா அடுக்குகளை அடையாளம் பாத்துக்கலாம். கால் மணி போதும். அங்கருந்து லாட்ஜெல்லாம் இருக்கற கிராண்ட் கேன்யன் வில்லேஜைப் பாத்து விளிம்போரமா நடக்கற பாதைக்குப் பேரு டிரெயில் ஆஃப் டைம், 2010-ல திறந்தது. ஒரு மீட்டர் நடந்தா 10 லட்சம் வருஷம் பின்னாடி போறீங்கன்னு கணக்கு, தரையில உலோகக் குறி பதிச்சிருக்கும். 10 மீட்டருக்கு ஒரு கோடி, நம்ம கணக்குக்கு இதை விட வசதியா யாராலயும் போட முடியாது. மனுஷ ஆயுசு இந்த அளவுல ஒரு தலைமுடி தடிமன். 230-ஆவது மீட்டர்ல டைனோசர் ஆரம்பம், 270-ல உங்க காலடியில இருக்கற கைபாப் கல்லு. அந்த 40 மீட்டரை நடந்து பாருங்க, மேல நான் சொன்ன டைனோசர் விஷயம் காலுக்கே புரியும்.

வழி நெடுக ஒவ்வொரு அடுக்குல இருந்தும் நிஜக் கல்லை எடுத்து வந்து பீடத்துல வச்சிருக்காங்க. தடவிப் பாக்கறதுக்குன்னே வச்சது, தடவுங்க. அடியில ஓடற கொலராடோ ஆத்துக்குப் பக்கத்துல இருக்கற கல்லை ஒரு மைல் கீழ இறங்காமலே தொடற சுலபமான வழி இதுதான்.

பாதை முடியற பக்கம் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் இருக்கு. உள்ள ஒரு அறையில கணப்பு அடுப்பு ஒண்ணு, மேரி கோல்ட்டர்ங்கற கட்டிடக் கலைஞர் 1935-ல கட்டினது. ஆத்தங்கரைக் கல்லு அடியில, விளிம்புக் கல்லு உச்சியில, கேன்யன் எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில கல்லை அடுக்கியிருக்காங்க. பார்க்கோட இயற்கையியலாளரா இருந்த எட்வின் மெக்கீ அதுக்கு உதவி பண்ணினார், இவரு பேரு திரும்ப வரும். சாப்பிட வர்ற கூட்டம் இதைக் கண்டுக்காமலே போகும், நீங்க ஹேமா வாக்கியத்தை அது முன்னால நின்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

5. இப்ப குனிஞ்சு பாருங்க

இதுதான் முக்கியமான வேலை. சவுத் ரிம்ல நீங்க நடக்கறது, உக்கார்றது, சுவர்ல இருக்கறது எல்லாமே பெரும்பாலும் கைபாப் சுண்ணாம்புக்கல். ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலோட தரை அது. பிரைட் ஏஞ்சல் டிரெயில் ஆரம்பிக்கற இடத்தைச் சுத்தி விளிம்புப் பாதையில வெறும் பாறைத் தரை நிறைய இருக்கு, சில சீசன்ல பார்க் ஊழியரான ரேஞ்சரே கூட்டிட்டுப் போய் ஃபாசில் காட்டற நடையும் வச்சிருப்பாங்க, கிடைச்சா விடாதீங்க.

எப்படிப் பாக்கணும்னா, நடந்துக்கிட்டே பாக்கக்கூடாது. ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, முட்டி போட்டு உக்காந்து, அஞ்சு நிமிஷம் அந்த ஒரு பாறையை மட்டும். முதல் ரெண்டு நிமிஷம் சும்மா கல்லாத்தான் தெரியும், கடுப்பா இருக்கும். அப்புறம் ஏதோ ஒண்ணு ஒழுங்கா இருக்கேன்னு கண்ணு நிக்கும். கல்லுக்கு ஒழுங்கு கிடையாது, உயிருக்குத்தான் ஒழுங்கு உண்டு: ஒரே இடைவெளியில கோடு, வட்டத்துக்குள்ள வட்டம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அதைத்தான் தேடறீங்க. நேரம் முக்கியம், காலைல சீக்கிரம் இல்ல சாயங்காலம், வெயில் சாய்வா விழறப்ப சின்ன மேடு பள்ளம் கூட நிழல் விடும். உச்சி வெயில்ல எல்லாம் தட்டையாயிடும். தலைவிளக்கு எதுக்குன்னு இப்ப புரிஞ்சிருக்கும், நிழலான இடத்துல அதைக் கழட்டிக் கல்லோட பக்கவாட்டுல வச்சு அடிச்சா அதே வேலையைச் செய்யும்.

கண்ணுல படக்கூடியது நாலு.

கடல் அல்லி, அதாவது கிரினாய்டு. பேரு பூ மாதிரி இருந்தாலும் அது விலங்கு, நட்சத்திர மீனுக்குச் சொந்தம், காம்பு வச்சுக் கடல்தரையில நின்னு தண்ணியில வர்ற உணவை வடிகட்டித் தின்னது. செத்தா காம்பு வில்லை வில்லையா கழண்டு சிதறிடும். அதனால உங்களுக்குக் கிடைக்கறது பூரா சின்ன வட்டத் தட்டு, நடுவுல ஓட்டை. என் பொண்ணு முதல்ல பாத்துட்டு "அப்பா, யாரோ வாஷர் போட்டுட்டுப் போயிருக்காங்க"ன்னா. சில இடத்துல அஞ்சாறு வில்லை ஒட்டிக்கிட்டே இருக்கும், அப்ப அது திருகாணி மாதிரி தெரியும்.

பிராக்கியோபாட். சிப்பின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் மேல அப்படித்தான் சொன்னேன், ஆனா சிப்பி இல்ல. வித்தியாசம் கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு. கை கூப்புங்க. ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம், ஆனா ஒரு கையை மட்டும் பாத்தா கட்டை விரல் பக்கமும் சுண்டு விரல் பக்கமும் வேற வேற, அது சிப்பி. பிராக்கியோபாட்டுல தலைகீழ்: ஒரு ஓட்டுக்கு நடுவுல கோடு போட்டுப் பிரிச்சா இடதும் வலதும் அச்சு அசல், ஆனா மேல் ஓடும் கீழ் ஓடும் ஒண்ணா இருக்காது, ஒண்ணு கிண்ணம் மாதிரி குழிஞ்சும் இன்னொண்ணு மூடி மாதிரி தட்டையாவும் இருக்கும். அந்தக் காலத்துக் கடல்ல இதுங்க ராஜ்யம்தான். 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்த பேரழிவுல பெரும்பாலானது போச்சு, காலியான இடத்தைச் சிப்பி புடிச்சுக்கிச்சு, அதான் இன்னிக்கு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் சிப்பியா கிடக்குது.

மூணாவது பிரையோசோவா, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமா கட்டின வீடு. கொசுவலைத் துண்டைக் கல்லுல ஒட்டினாப்புல இருக்கும், லென்ஸ் இல்லாம பாத்தா வெறும் சொரசொரப்பு.

நாலாவது கடல்பஞ்சு. சுண்ணாம்புக்கல்லுல உருண்டை உருண்டையா கெட்டியான வேற நிறக் கல்லு துருத்திக்கிட்டு இருக்கும் பாருங்க, முஷ்டி அளவு. நான் ரெண்டு டிரிப் வரைக்கும் அதை ஏதோ கூழாங்கல்லுன்னு நினைச்சேன். பஞ்சு உயிர்களோட உடம்புல கண்ணாடி ஊசி மாதிரி சிலிக்கா இருக்கும், அது கரைஞ்சு திரும்ப இறுகினதுதான் இந்த உருண்டைகள், சிலதுக்குள்ள பஞ்சோட உருவமே தங்கியிருக்கும். சுத்தி இருக்கற சுண்ணாம்பு மழையில கரையும், இது கரையாது, அதான் துருத்தி நிக்குது.

6. ஏமாத்தறதும் உண்டு

கல்லு விரிசல்ல கறுப்பா, அழகா, கிளை கிளையா இலை மாதிரி ஒண்ணு தெரிஞ்சா குதிக்காதீங்க. மாங்கனீசு கலந்த தண்ணி விரிசல்ல ஊறி உண்டான கறை அது, செடி இல்ல. நடுநரம்பு இருக்கா, இலை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க, இல்லைன்னா கறைதான். பாதையில நடுவுல குழி வரிசையா இருந்தா அதுவும் முக்காவாசி கோவேறு கழுதைக் குளம்பு. சிரிக்காதீங்க, நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

7. கீழ இறங்கறதா இருந்தா, கால்தடத்துக்காக மட்டும் இறங்குங்க

விளிம்புல இருந்து பாக்கறப்ப மேல்பக்கம் வெளிர் மஞ்சளா பட்டை அடிச்ச மாதிரி ஒரு செங்குத்துச் சுவர் தெரியும், அதான் கோகோனினோ. சுமார் 28 கோடி வருஷம் முன்னாடி இருந்த பாலைவன மணல்மேடு அப்படியே கல்லானது, குறுக்குக் கோடுகள் சாய்வா ஓடறது மணல்மேட்டோட சரிவு. இதுல எலும்பு கிடையாது, இது வரைக்கும் ஒண்ணும் கிடைக்கல. ஆனா கால்தடம் இருக்கு, பல்லி மாதிரி நாலு கால் பிராணிகளோடது, தேளோடது, சிலந்தியோடது.

தடத்தை எப்படி வாசிக்கறதுன்னா, ஒவ்வொரு பாதத்துக்கும் பின்னாடி பிறை வடிவத்துல சின்ன மணல் குவியல் இருக்கான்னு பாருங்க. சரிவுல ஏறறப்ப கால் மணலைப் பின்னுக்குத் தள்ளும் இல்லையா, அதுதான். பிறை எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் பிராணி போயிருக்கு. கோகோனினோவுல கிடைச்ச தடம் பெரும்பாலும் மேல ஏறறதுதான், இறங்கறது ரொம்பக் குறைச்சல். அப்ப இறங்கவே இல்லையான்னு கேட்டா, நான் முன்ன சொன்ன மெக்கீக்கும் இதே கேள்வி வந்திருக்கு, 1940-கள்ல நிஜப் பல்லிகளை மணல்ல நடக்கவிட்டுப் பாத்தார். இறங்கறப்ப மணல் சரிஞ்சு தடத்தை மூடிடும், ஏறற தடம்தான் நிக்கும். விரல் எண்ணிக்கை, வால் இழுத்த கோடு, காலடிக்குக் காலடி தூரம், இதெல்லாம் பாத்தா அது சாவகாசமா போச்சா அவசரமா போச்சான்னு கூட ஊகிக்கலாம். எலும்புன்னா ஒரு பிராணி செத்தது தெரியும். தடம்னா அது ஒரு நாள் உயிரோட அந்தச் சரிவுல ஏறினது தெரியும். எனக்கு எப்பவும் தடம்தான் ஒசத்தி.

எங்க பாக்கறது? ஹெர்மிட் டிரெயில் இதுக்குப் பேர் போனது. 1920-கள்ல ஸ்மித்சோனியன் மியூசியத்தைச் சேர்ந்த சார்லஸ் கில்மோர் இங்க தடங்களை ஆராய்ஞ்சு 1926-ல இருந்து 1928 வரைக்கும் வரிசையா எழுதினார். ஆனா பாதை கரடுமுரடு, பராமரிப்பு இல்ல, முதல் தடவை போறவங்க ரேஞ்சர்கிட்ட கேக்காம இறங்க வேண்டாம். மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஹெர்மிட் ரோட்டுல சொந்தக் கார் விடமாட்டாங்க, இலவச பஸ்தான்.

பிரைட் ஏஞ்சல் டிரெயில் சுலபம், அங்கயும் ஒரு கதை இருக்கு. 2016-ல நார்வேல இருந்து வந்த ஒரு புவியியல் பேராசிரியர் மாணவர்களோட நடந்து போறப்ப, பாதை ஓரமா விழுந்து கிடந்த பாறையில தடம் இருக்கறதைக் கவனிச்சார். தினமும் கூட்டம் கூட்டமா ஜனங்க தாண்டிப் போற பாறை! ஆராய்ச்சி 2020-ல வெளியானப்ப அதோட வயசு சுமார் 31.3 கோடி வருஷம்னு சொன்னாங்க, சுப்பாய் அடுக்குக் கூட்டத்துல இருந்து உருண்டு வந்தது. ஏதோ ஒரு பிராணி சரிவுல பக்கவாட்டா நடந்திருக்கு. கூர்ந்து பாக்கற ஒரு ஆள் வர வரைக்கும் அது அங்கயே கிடந்திருக்கு.

சவுத் கைபாப் டிரெயில்ல சீடர் ரிட்ஜ் வரைக்கும் ஒன்றரை மைல், சுமார் 1,140 அடி இறக்கம். அடுக்கு மாறறதைக் காலால உணர இதை விட நல்ல இடம் இல்ல, வெளிர் கல்லுல ஆரம்பிச்சு சீடர் ரிட்ஜ்ல ஷூ சிவப்பாயிடும், அது ஹெர்மிட். ஆத்துச் சமவெளிச் சேறு, பெரணி மாதிரி இலைகளும் ஊசியிலை மரக் கிளைகளும் பதிஞ்ச அடுக்கு. இந்தப் பாதையில தண்ணி சுத்தமா கிடையாது, நிழலும் கிடையாது.

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. இது மலை ஏறறதுக்கு நேர் தலைகீழ், சுலபமான பாதி முதல்ல வந்துடும், தெம்பு இருக்கறப்ப இறங்கிடுவீங்க, தெம்பு போனப்பறம் ஏறணும். கோடையில உள்ள 40 டிகிரிக்கு மேல போகும். இறங்க ஒரு மணி ஆனா ஏற ரெண்டு மணின்னு வச்சுக்குங்க. ஒரே நாள்ல ஆத்துக்குப் போய்ட்டு திரும்பறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, ஃபாசில் பாக்க அது தேவையே இல்ல. நான் ஒரு தடவை கோடையில பத்து மணிக்கு இறங்கி, பாதி ஏத்தத்துல உக்காந்து, முன்பின் தெரியாத ஒரு அம்மா கொடுத்த உப்பு பிஸ்கட்டைத் தின்னு எழுந்து வந்தேன்.

8. ரெட்வாலுக்குக் கீழ

இதெல்லாம் ரெண்டாவது மூணாவது டிரிப்புக்கு, அதனால வேகமா சொல்லிடறேன். ரெட்வால் உண்மையில சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், சுமார் 34 கோடி வருஷம், மேல இருக்கற சுப்பாய் சிவப்பு வழிஞ்சு சாயம் ஏறியிருக்கு. கொலராடோ ஆத்துல படகுல போனா நாட்டிலாய்டு கேன்யன்னு ஒரு பக்கப் பள்ளத்தாக்கு, அங்க தரையில நேர்க் கூம்பு மாதிரி ஓடு, உள்ள அறை அறையா தடுப்பு, கணவாய் மீனோட பழைய சொந்தம். படகுக்காரங்க ஆத்துத் தண்ணியை லேசா ஊத்திக் காட்டுவாங்க, காஞ்ச கல்லுல தெரியாத கோடெல்லாம் சட்டுனு எழுந்து வரும்.

பிரைட் ஏஞ்சல் ஷேல் பச்சை கலந்த மென்மையான கல்லு, 50 கோடி வருஷம். ஹவாசுப்பாய் கார்டன்ஸ், பழைய பேரு இண்டியன் கார்டன், 2022-ல மாத்தினாங்க, அது இந்த அடுக்குலதான் இருக்கு, பிரைட் ஏஞ்சல் டிரெயில்ல போக நாலரை மைல். பிளந்த பலகைக் கல்லுல புழு போன பாதைகள் நூல் நூலா, விரல் விரலா பின்னிக்கிட்டு இருக்கும், டிரைலோபைட்டுங்கற அழிஞ்சு போன கடல் பிராணி ஊர்ந்த தடமும் உண்டு. 2025-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆளுங்க இதே கல்லை அமிலத்துல கரைச்சு, மிஞ்சின துகள்ல மெல்லுடலிகளோட பல், இறால் வகையோட வாய்ப்பகுதி, ஒரு புழுவோட பற்கள்னு எடுத்து வெளியிட்டாங்க. அது பெருங்கண்டுபிடிப்பு, ஏன்னா மென்மையான உடம்பு கல்லாகறதே அபூர்வம்.

அதுக்கும் கீழ, நான் சொன்ன கிழியாத பக்கங்கள். பாஸ் அடுக்குல சுமார் 125 கோடி வருஷத்து ஸ்ட்ரோமடோலைட், ஒரு செல் உயிர்கள் படலம் படலமா வளர்ந்து வெட்டின முட்டைக்கோஸ் மாதிரி அடுக்கடுக்கா ஆனது. சுவார் அடுக்குல கறுப்புப் பொட்டு மாதிரி சுவாரியாங்கற பொடி ஃபாசில். சார்லஸ் வால்காட்ங்கற புவியியலாளர் 1882-83 பனிக்காலம் பூரா அந்தப் பக்கம் கூடாரம் போட்டுத் தேடினவர், 1899-ல அதுக்குப் பேரு வச்சார். 75 கோடி வருஷத்துக்கு முன்னாடி உயிருலகம் பெரும்பாலும் இந்த மாதிரி சின்னச் சின்ன உயிர்கள்தான்.

9. குகைப் பக்கம் போக வேண்டாம்

கல்லாகாத மிச்சங்களும் கேன்யன்ல இருக்கு, பனியுகத்தோடது. காஞ்ச குகைக்குள்ள தரைவாழ் ஸ்லாத்துங்கற பெரிய பிராணியோட சாணி, அழிஞ்சு போன மலையாட்டு எலும்பு, கான்டர் கழுகு எலும்பு எல்லாம் அப்படியே இருந்துச்சு. ராம்பார்ட் குகையில அடுக்கடுக்கா கிடந்த ஸ்லாத் சாணி 1976-ல தீப்புடிச்சு மாசக்கணக்குல புகைஞ்சு பெரும்பகுதி போயிடுச்சு. குகைகளை மூடி வச்சிருக்கறதுக்கு வௌவால் ஒரு காரணம்னா இது இன்னொரு காரணம். கான்டர் வேணும்னா மேல பாருங்க, ஒரு காலத்துல இங்க இல்லாமப் போன பறவை, 1996-ல அரிசோனாவுல திரும்பக் கொண்டாந்து விட்டாங்க, இறக்கையில நம்பர் ஒட்டியிருக்கும்.

10. ஏதாவது கண்டுபிடிச்சா

தொடாதீங்க, நகத்தால சுரண்டாதீங்க, தூக்கி வேற இடத்துல "பத்திரமா" வைக்காதீங்க, இடம் மாறினா எந்த அடுக்குன்னே தெரியாமப் போயிடும். நாணயத்தைப் பக்கத்துல வச்சு மேலருந்து ஒண்ணு, சாய்வா ஒண்ணு, ரெண்டடி தள்ளி நின்னு சுத்துப்புறம் தெரியற மாதிரி ஒண்ணு, மூணு போட்டோ. பாதையில எந்த இடம்னு குறிச்சுக்கிட்டு ரேஞ்சர்கிட்ட காட்டுங்க. போன்ல இடம் பதியறதை அணைச்சுட்டுத்தான் வெளிய பகிரணும், கால்தடப் பலகையைப் பெயர்த்துட்டுப் போற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க.

என் பொண்ணு போன தடவை ஒரு பிராக்கியோபாட்டைப் படம் எடுத்து விசிட்டர் சென்டர்ல கொண்டு போய்க் காட்டினா. அந்த ரேஞ்சர் ஏற்கனவே ஆயிரம் பாத்திருப்பார், இருந்தாலும் கண்ணாடியைக் கழட்டிட்டு போனைக் கிட்ட வச்சுப் பாத்துட்டு "அளவு தெரியலையே, பக்கத்துல எதுவும் வைக்கலையா"ன்னு கேட்டார். நாணயம் என் பையிலதான் இருந்துச்சு. திரும்ப நடந்து போனோம், முக்கா மைல், கல்லு அங்கதான் இருந்துச்சு.